மாலை எண்கள்

கன்னட நாட்டின் வடபகுதியில் இன்று மால்கேட் என வழங்கும் சிற்றூர் ஒன்று உண்டு. கி. பி. 9ஆம் நூற்றாண்டில் அவ்வூர் மானியகேடம் என்னும் பெயரோடு இராட்டிரகூடப் பேரரசின் தலைநகராய் விளங்கிற்று. அங்கிருந்து ஆட்சி செய்த அமோகவர்சன் என்னும் மன்னன் வாளைவிட ஏட்டையே பெரிதும் விரும்பியவன் என்பர். கன்னட மொழியில் இன்று கிடைக்கும் மிகப் பழைய அணியிலக்கண நூலாகிய கவிராசமார்க்கம் அவனது அவையில் தோன்றியது. அவன் காலத்திலேயே, ஏறத்தாழ 850ஆம் ஆண்டளவில், மகாவீராசாரியர் என்னும் சமணப் பெரியார் வடமொழியில் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் நூலை யாத்தார். சமண சமயத்தின் இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய மகாவீரர் வேறு, இவர் வேறு. பெயர் ஒன்றாயினும் இருவருக்கும் இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடக்கிறது.

ஆரியபட்டரும் பிரமகுப்தரும் கணக்கை வானநூலின் ஓர் அங்கமாகவே கூறிச் சென்றனர். மகாவீராசாரியரோ கோள்களையும் கிரகணங்களையும் ஒரு புறம் ஒதுக்கி, கணக்கையே தனிப்பொருளாகக் கொண்டார். பின்னங்கள், வட்டி, பொன்னின் மாற்று, நிலத்தின் பரப்பு, குழி வெட்டும் கணக்கு, நிழலை அளக்கும் கணக்கு எனப் பலவும் ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களில் அந்நூலில் அடங்கியுள்ளன. கணக்கு வறண்ட பொருள் என்று எண்ணுவோர் அந்நூலைப் புரட்டிப் பார்ப்பின் வியப்படைவர். அன்னங்களும் யானைகளும் மாம்பழங்களும் அறுந்து சிதறும் முத்துமாலைகளும் அதன் வினாக்களில் இடம்பெறுகின்றன.

பெருக்கலைக் கற்பிக்கும் பகுதியில், கோயில்களுக்கு மணிகளைக் காணிக்கையாக வழங்குவது போன்ற எளிய வினாக்கள் முதலில் வருகின்றன. பின்னர் ஆசிரியரின் குரல் சற்றே மாறுகிறது. அவர் பொருள் எதனையும் கூறாமல், வெறும் எண்களைத் தந்து பெருக்கும்படி பணிக்கிறார். 139ஐ 109ஆல் பெருக்குக என்கிறார். மாணவன் பெருக்குகிறான், 15151 என விடை வருகிறது. 152207ஐ 73ஆல் பெருக்கினால் 11111111 தோன்றுகிறது. 11011011ஐ 91ஆல் பெருக்கினால் 1002002001. 14287143ஐ 7ஆல் பெருக்கினால் 100010001. அடுத்து 27994681 என்னும் முரட்டு எண்ணை 441ஆல் பெருக்கச் சொல்கிறார். எட்டு இலக்க எண்ணை மூன்று இலக்க எண்ணால் பெருக்குவது எளிய வேலையன்று. மணல் பரப்பிய பலகையில் விரலால் எழுதியும் அழித்தும் கணக்கிட்ட அக்காலத்து மாணவன் எத்தனை முறை தவறியிருப்பான்! ஆயினும் இறுதியில் அவன் முன் எழுந்து நிற்கும் எண் 12345654321. ஒன்றில் தொடங்கி ஆறு வரை படிப்படியாய் ஏறி, மீண்டும் ஒன்று வரை இறங்கும் எண் அது.

இவ்வாறு பிறக்கும் எண்கள் சிலவற்றைக் கழுத்தணி என்றும், அரசர் அணியத்தக்க மாலை என்றும் மகாவீராசாரியர் பெயரிட்டு மகிழ்கிறார். நடுவே பதக்கமும் இருபுறமும் ஒத்த மணிகளும் கோத்த மாலையை எப்பக்கமிருந்து நோக்கினும் ஒரே வரிசை தோன்றும். இவ்வெண்களும் அத்தகையனவே. இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் மாறுபடுவதில்லை.

தமிழ் கற்றோருக்கு இந்த மாலை புதியதன்று. முதலிலிருந்து வாசிப்பினும் ஈற்றிலிருந்து வாசிப்பினும் ஒன்றாகவே அமையும் செய்யுளை ‘மாலைமாற்று’ என்று தமிழர் அழைத்தனர். 7ஆம் நூற்றாண்டில் சீகாழியில் தோன்றிய திருஞானசம்பந்தர் பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியுள்ளார். பின்வந்த அணிநூலார் அதனைச் சித்திரகவியில் ஒன்றாக வைத்து இலக்கணம் வகுத்தனர். ‘விகடகவி’ என்னும் சொல்லைத் திருப்பிச் சொல்லி மகிழாத தமிழ்ச் சிறுவன் இல்லை எனலாம். சீகாழியின் மாலைக்கும் மானியகேடத்தின் மாலைக்கும் நேரான தொடர்பு எதுவும் கூறுவதற்கில்லை. எனினும் இரு மொழியினரும் தனித்தனியே ஒரே உவமையை நாடினர் என்பது கருதத்தக்கது. தமிழில் இவ்வெண்களுக்குப் பெயர் தேடுவோர் ‘மாலை எண்’ என்று வைத்துக்கொள்ளின் பிழையாகாது.

இந்த மாலைகளை மகாவீராசாரியர் எவ்வாறு கோத்தார்? 441 என்பது 21இன் வர்க்கம். 27994681 என்பது 5291இன் வர்க்கம். இனி 21ஐ 5291ஆல் பெருக்கினால் 111111 வருகிறது. எனவே, ஆறு ஒன்றுகளாலாகிய எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, அப்பெருக்கத்தை வேறு இரு கூறுகளாகப் பிரித்து மாணவனிடம் நீட்டினால் அந்த வினா அமைந்துவிடும். ஒன்றுகளின் வர்க்கங்களை வரிசையாக எழுதினால் இவ்வுண்மை தெளிவாகும். 11இன் வர்க்கம் 121. 111இன் வர்க்கம் 12321. 1111இன் வர்க்கம் 1234321. ஒன்பது ஒன்றுகள் வரை மாலை நீண்டுகொண்டே செல்லும். பத்தாவது ஒன்றைச் சேர்த்ததும் நூல் அறுந்துவிடுகிறது. பத்து ஒன்றுகளின் வர்க்கம் 1234567900987654321. நடுவே பத்து என்னும் பெறுமானம் வருவதால் ஒன்று அடுத்த இடத்துக்குத் தாவி ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. மகாவீராசாரியர் ஆறோடு நிறுத்தினார். மாணவனின் கைக்கு அது போதும்.

இங்கே இன்னொரு நயமும் உண்டு. அக்காலத்து வடமொழிக் கணிதர் எண்களைச் செய்யுளில் அடக்குவதற்குச் சொற்களையே இலக்கங்களாகக் கையாண்டனர். வானம் என்றால் பூச்சியம். நிலா என்றால் ஒன்று. கண் என்றால் இரண்டு. இச்சொற்கள் ஒன்றின் இடத்திலிருந்து தொடங்கி மேனோக்கிச் செல்லும். அதாவது, சொல்லும் வரிசை ஒரு திசையிலும் எழுதும் வரிசை எதிர்த்திசையிலும் அமையும். திசை மாறினால் எண்ணும் மாறிவிடும். ஏடு எழுதுவோர் இதனால் இடறியிருக்கக் கூடும். மாலை எண் ஒன்றுதான் எத்திசையில் எழுதினும் பிழைபடாது நிற்பது.

இத்தகைய மாலையைக் கோப்பதற்கு இன்றியமையாத நூல் ஒன்று உண்டு. அதுவே இடப்பெறுமானம். ஒரே ‘1’ என்னும் குறி ஓரிடத்தில் ஒன்றாகவும், அடுத்த இடத்தில் பத்தாகவும், அதற்கடுத்த இடத்தில் நூறாகவும் நிற்கும் முறை அது. தமிழரின் பழைய எண் குறிகளில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. நூற்று இருபத்தொன்றை அவர்கள் ௱௨௰௧ என எழுதினர். நூறு, இரண்டு, பத்து, ஒன்று என நான்கு குறிகள் அங்கே வரிசையாய் நிற்கின்றன. திருப்பிப் படித்தால் மாலை அமைவதில்லை. உரோமர் எழுத்திலும் நிலை அதுவே. 121 அவர்களிடம் மாலையாகாது. ஆனால் பத்து, ஒன்று, பத்து என்னும் மூன்று குறிகளால் அவர்கள் எழுதிய பத்தொன்பது மாலையாகிவிடுகிறது! எண் ஒன்றே, எழுத்து மாறியதும் அழகும் மாறிவிட்டது.

இடப்பெறுமானமும் வெற்றிடத்தைக் காக்கும் பூச்சியமும் இருந்தாலன்றி 1002002001 போன்ற ஓர் எண்ணை எண்ணிப் பார்க்கவும் இயலாது. குவாலியரில் உள்ள ஒரு கோயிற் கல்வெட்டில், பூந்தோட்டம் ஒன்றின் நீளத்தைக் கூறுமிடத்தில், 270 என்னும் எண் வட்டப் பூச்சியத்தோடு பொறிக்கப்பட்டுள்ளது. அதன் ஆண்டு 876. மானியகேடத்தில் கணித சார சங்கிரகம் எழுந்ததும் அதே அரை நூற்றாண்டில்தான். புதிய எழுத்துமுறை ஊன்றிவிட்ட காலத்தில் அதன் வல்லமையை ஓர் ஆசிரியர் தம் மாணவருக்கு விளையாட்டாகக் காட்டினார் என்று அந்த மாலைகளைக் கொள்வது பொருந்தும்.

இனி, இத்தகைய எண்கள் எத்தனை? முதல் நோக்கில் இவை அரியனவாகத் தோன்றும். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து எண்ண முயல்வோன் விரைவில் களைத்துவிடுவான். ஆனால் மாலையின் இயல்பை உணர்ந்தவனுக்கு எழுதிப் பார்க்கும் தேவையில்லை. ஐந்து இலக்கங்களையுடைய மாலை எண்ணை அமைப்பதற்கு ஐந்து இலக்கங்களையும் தேட வேண்டுவதில்லை. முதல் மூன்று இலக்கங்கள் போதும். 4, 7, 2 என்று தொடங்கினால் எஞ்சிய இரண்டும் தாமே வந்தமையும்; 47274 கிடைக்கும். எனவே பாதியை எத்தனை வகையாக அமைக்கலாம் என்பதே வினா. முதலில் பூச்சியம் நிற்க முடியாது. ஆகவே முதல் இடத்துக்கு ஒன்பது வாய்ப்புகள். இரண்டாம் இடத்துக்குப் பத்து. மூன்றாம் இடத்துக்கும் பத்து. ஒன்பதையும் பத்தையும் பத்தையும் பெருக்க 900 ஆகும். ஐந்திலக்க மாலை எண்கள் 900 என்பது எழுத்தாணியைத் தொடாமலே புலனாகிறது.

ஆறிலக்க மாலை எண்களும் அதே 900தான். 472 என்னும் பாதியைக் கண்ணாடியில் காட்டியது போல் முழுவதும் இரட்டித்தால் 472274 வருகிறது. நடு இலக்கத்தைப் பொதுவாக வைத்தால் 47274 வருகிறது. ஒரு பாதி இரு மாலைகளைத் தருகிறது. ஆதலால் எண்ணிக்கைகள் இரண்டிரண்டாகவே இணைந்து செல்லும். ஓரிலக்கத்தில் 9, ஈரிலக்கத்தில் 9; மூவிலக்கத்தில் 90, நாலிலக்கத்தில் 90; பின்னர் 900, 900. இவற்றைக் கூட்டினால் பத்து இலட்சத்துக்கு உட்பட்ட மாலை எண்கள் 1998 எனக் காணலாம். பூச்சியத்தையும் சேர்த்துக்கொள்வோர்க்கு 1999. நூறுக்குள் பதினெட்டு இருந்தவை, பத்து இலட்சத்துக்குள் ஏறத்தாழ ஐந்நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்துவிடுகின்றன. மேலே செல்லச் செல்ல மேலும் அருகும். ஆயினும் ஒருபோதும் அற்றுப்போவதில்லை.

ஆயிரமாவது மாலை எண் யாது என்று கேட்டால், அதற்கும் விடை அருகிலேயே உள்ளது. நாலிலக்கம் வரை உள்ளவை 198. ஆகவே வேண்டப்படுவது ஐந்திலக்கத்தில் 802ஆவது. ஐந்திலக்கத்தின் பாதிகள் 100இல் தொடங்குகின்றன. 802ஆவது பாதி 901. அதனைத் திருப்பி ஒட்டினால் 90109. ஆயிரம் எண்களை எழுத வேண்டிய வேலை மூன்று வரியில் முடிந்தது.

மாலை எண்கள் சீரான இடைவெளியில் வருவனவும் அல்ல. ஆண்டுகளை எடுத்துக் கொண்டால் இது நன்கு விளங்கும். 1001க்குப் பின் 1111. அதற்குப் பின் 1221. இவ்வாறு 110 ஆண்டுகளுக்கு ஒரு முறையே மாலை ஆண்டு பிறக்கும். 1881இல் பிறந்த குழந்தை அடுத்த மாலை ஆண்டைக் காண 110 வயது வரை வாழ வேண்டியிருந்தது. ஆனால் ஆயிரத்தின் எல்லையைத் தாண்டும்போது மட்டும் இடைவெளி பதினொன்றாகச் சுருங்கிவிடும். 1991, 2002 என்னும் இரண்டையும் கண்டவர் கோடிக்கணக்கானோர். அப்பேறு எத்துணை அரியது என்பதை அறியாமலே பலர் அவற்றைக் கடந்து வந்தனர். அடுத்து வருவது 2112. பதினோராண்டு இடைவெளியில் இரு மாலை ஆண்டுகள் மீண்டும் அமைவது 2992இலும் 3003இலும்தான்.

பதினொன்று என்னும் எண்ணுக்கும் மாலைகளுக்கும் உள்ள உறவு இத்துடன் முடியவில்லை. இரட்டைப்பட்ட இலக்கங்களையுடைய மாலை எண் எதுவாயினும் அது 11ஆல் மீதியின்றி வகுபடும். 4774ஐ எடுத்துப் பார்க்கலாம். அது 11இன் 434 மடங்கு. காரணம் எளியது. ஓர் எண்ணின் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் வரும்போது பூச்சியம் கிடைத்தால் அவ்வெண் 11ஆல் வகுபடும். இரட்டை இலக்க மாலையில் இடப்புறம் கூட்டப்படும் இலக்கத்தின் இணை வலப்புறம் கழிக்கப்படுகிறது. ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் எஞ்சுவது எதுவுமில்லை. ஆகையால் இரட்டை இலக்க மாலைகளுள் முதன்மை எண்ணாக இருக்கத்தக்கது 11 ஒன்றே. ஒற்றை இலக்க வரிசையில் 101, 131, 151, 181, 191 எனப் பல முதன்மை எண்கள் மாலையாகவும் விளங்குகின்றன. அவை முடிவில்லாது தொடருமா என்னும் வினாவுக்கு விடை இன்னும் காணப்படவில்லை. மாலை எண்களுள் ஏறத்தாழ எல்லாமே முதன்மையல்லாதவை என்பது மாத்திரம் 2004இல் நிறுவப்பட்டது.

மகாவீராசாரியரின் நூல் தென்னாட்டில் நெடுங்காலம் பயிலப்பட்டது. பாவுலூரி மல்லன என்பார் அதனைத் தெலுங்கில் ஆக்கினார். பின்னர் ஏடுகளில் அடங்கிக் கிடந்த அந்நூலைச் சென்னையில் பேராசிரியர் இரங்காசாரியார் ஆராய்ந்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். அரசாங்க அச்சகம் அதனை 1912இல் வெளியிட்டது. அதே 1912இல், அதே சென்னை நகரில், துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் கும்பகோணத்து இளைஞர் ஒருவர். அவரே சீனிவாச இராமானுசன். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் கேம்பிரிட்சுக்கு அழைக்கப்பட்டார். அழைத்தவர் ஆர்டி என்னும் கணிதப் பேராசிரியர்.

ஆர்டியின் பெயர் இங்கே வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1940இல் அவர் எழுதிய ‘ஒரு கணிதரின் விளக்கவுரை’ என்னும் சிறு நூலில், எண்களைத் திருப்பிப் பார்க்கும் விளையாட்டைப் பற்றிக் கடுமையாகவே கருத்துரைத்தார். 8712 என்பது தன் திருப்பமாகிய 2178இன் நான்கு மடங்கு. 9801 என்பது 1089இன் ஒன்பது மடங்கு. நாலிலக்க எண்களுள் இப்பண்பு உடையவை இவ்விரண்டே. இத்தகைய செய்திகள் பத்திரிகையின் புதிர்ப் பகுதிக்கு ஏற்றவையாகலாம், ஆனால் கணிதனின் உள்ளத்தைத் தொடுவது இவற்றில் எதுவுமில்லை என்பது அவர் துணிபு.

அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. இராமானுசன் நோயுற்றுக் கிடந்தபோது, தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண் என்றும் ஆர்டி கூறியதும், அது இரு கனங்களின் கூட்டாக இரு வேறு வகையில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது என இராமானுசன் விடையிறுத்ததும் பலரும் அறிந்த கதை. ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனம். ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனம். இப்பண்பு எந்த எழுத்தில் எழுதினும் மாறாது. தமிழ்க் குறிகளில் எழுதினாலும் உரோமர் குறிகளில் எழுதினாலும் 1729 அதே 1729தான். அவ்வெண்ணுக்கே வேறொரு வேடிக்கையும் உண்டு. அது 19ஐயும் அதன் திருப்பமாகிய 91ஐயும் பெருக்கக் கிடைப்பது. இவ்வழகோ பத்தின் அடியில் எழுதும் வரை மட்டுமே நிற்கும்; எழுத்துமுறையை மாற்றினால் மறைந்துவிடும். ஒன்று எண்ணின் உடம்போடு பிறந்தது. மற்றது அதன் உடையைச் சேர்ந்தது.

மாலை எண்களும் உடையைச் சேர்ந்தவையே. மனிதன் கைவிரல்கள் பத்து என்பதால் பத்தின் அடியில் எண்ணுகிறான். கணினிகள் கையாளும் இரண்டின் அடியில் ஒன்பது என்பது 1001 ஆகி மாலை அணிகிறது. நமக்கு மாலையாகிய 121 அங்கே 1111001 ஆகி மாலையைக் களைகிறது. 585 என்னும் எண் இரண்டிடத்தும் மாலையோடு நிற்கும். இரண்டின் அடியில் அது 1001001001. இன்னும் சொல்லப்போனால், இரண்டுக்கு மேற்பட்ட எந்த எண்ணையும் அதனினும் ஒன்று குறைந்த அடியில் எழுதினால் 11 ஆகிவிடும். அவ்வாறாயின் ஒவ்வோர் எண்ணுக்கும் எங்கோ ஓரிடத்தில் ஒரு மாலை காத்திருக்கிறது.

எனினும் ஆர்டியின் தீர்ப்பு முடிந்த தீர்ப்பாகிவிடவில்லை. எழுத்துமுறையும் மனிதன் ஆராயத்தக்க பொருளே. அதன் இயல்பிலும் ஆழ்ந்த விதிகள் மறைந்திருத்தல் கூடும். 2016இல் ஸ்பானிய நாட்டுக் கணிதர் சில்லெருவேலோ, புளோரியன் லூக்கா, லூயிஸ் பாக்ஸ்டர் என்னும் மூவர் ஓர் உண்மையை நிறுவினர். 2018இல் அது ஆய்விதழில் அச்சேறியது. எந்த முழுவெண்ணையும் மூன்றுக்கு மேற்படாத மாலை எண்களின் கூட்டாக எழுதலாம் என்பதே அது. பத்தின் அடிக்கு மட்டுமன்றி, ஐந்தும் அதற்கு மேற்பட்டதுமான எல்லா அடிகளுக்கும் அது பொருந்தும். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஐ எடுத்துக்கொண்டால், 1881, 66, 1 ஆகிய மூன்றையும் கூட்ட அது வந்துவிடும். மூன்று என்பதை இரண்டாகக் குறைக்க இயலாது என்பதற்கு 21 சான்று. 11ஐயும் 9ஐயும் கூட்டினால் 20. 11ஐயும் 11ஐயும் கூட்டினால் 22. இடையில் நிற்கும் 21க்கு இரு மாலைகள் போதா. 11, 9, 1 என மூன்று வேண்டும். இச்சிறிய செய்தியைச் சிறுவனும் சரிபார்க்கலாம். எல்லா எண்களுக்கும் அது உண்மை என்பதை நிறுவுவதற்கோ நீண்டதும் நுணுக்கமானதுமான ஆராய்ச்சி தேவைப்பட்டது.

இதனினும் எளிதாகக் கேட்கப்படும் மற்றொரு வினா கணிதரைத் திகைக்க வைத்துள்ளது. ஓர் எண்ணை எடுத்து, அதைத் திருப்பி எழுதி, இரண்டையும் கூட்டுக. 38ஓடு 83ஐக் கூட்டினால் 121; மாலை கிடைத்துவிட்டது. 57ஓடு 75ஐக் கூட்டினால் 132, கிடைக்கவில்லை. மீண்டும் 132ஓடு 231ஐக் கூட்டினால் 363; கிடைத்துவிட்டது. 89 சற்றுப் பிடிவாதமானது. இருபத்து நான்கு முறை கூட்டிய பின்னரே 8813200023188 என்னும் மாலையை அது தருகிறது. இவ்வாறு எந்த எண்ணில் தொடங்கினும் என்றாவது ஒரு நாள் மாலை வந்தே தீரும் என்று பலர் நம்பினர்.

அந்நம்பிக்கையை அசைத்த எண் 196. அதனோடு 691ஐக் கூட்ட 887, அடுத்து 1675, பின்னர் 7436, பின்னர் 13783. இவ்வாறு எண் வளர்ந்துகொண்டே செல்கிறது; மாலை மட்டும் வருவதில்லை. அமெரிக்கக் கணிதர் லேமர் 1938இலேயே இதனை ஆராய்ந்தார். 1967இல் சார்ள்சு திரிக்கு என்பார் பத்தாயிரத்துக்கு உட்பட்ட எண்கள் அனைத்தையும் சோதித்து, நூறு முறை கூட்டியும் மாலை தராதவை 249 எனக் கண்டார். 1987இல் சோன் வாக்கர் என்பவர் ஒரு கணினியை இவ்வேலையில் அமர்த்தினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அது ஓய்ந்த வேளைகளிலெல்லாம் கூட்டிக்கொண்டே இருந்தது. 1990 மே மாதத்தில், 24 இலட்சத்துக்கு மேற்பட்ட கூட்டல்களின் பின், எண் பத்து இலட்சம் இலக்கங்களைத் தொட்டது. மாலை வரவில்லை. 2015இல் வேறு சிலரின் முயற்சியால் அது நூறு கோடி இலக்கங்களை எட்டிற்று. அப்போதும் வரவில்லை.

இரண்டின் அடியில் இவ்வினா தீர்க்கப்பட்டுவிட்டது. 10110 எனத் தொடங்கினால், அதாவது நமது 22இல் தொடங்கினால், எத்தனை முறை கூட்டினும் மாலை அமையாது என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. அங்கே எண்களின் வளர்ச்சி ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருவதால் வழி தெளிவாயிற்று. பத்தின் அடியில் அத்தகைய ஒழுங்கு எதுவும் புலப்படவில்லை. 196 என்றேனும் மாலை அணியும் என்றும் எவரும் காட்டியதில்லை. அணியாது என்றும் எவரும் நிறுவியதில்லை.